ஏழேகால் பாதை

படகுக்கு ஒரு பெயர் உண்டு.
விலாவில் வெள்ளை எழுத்தில் இருக்கிறது,
யாரும் வாசிப்பதில்லை.
ஐந்தே முக்காலைப் பிடித்தேன்,
ஏழேகாலை விட்டுவிட்டேன்
என்பார்கள் தீவுக்காரர்கள்.

எங்கள் பக்கத்தில்
வாகனம் ஏற்றும் படகுக்குப் பாதை என்று பேர்.
கேப்டன் ஹிச்சனிடம் ஒருநாள் சொன்னேன்:
வீதிக்கும் அதே சொல்தான்.
அவர் தேநீரை வைத்துவிட்டு யோசித்தார்.
"சரியான சொல். நமக்குச் சம்பளம் தருவதே
நெடுஞ்சாலைக்காரர்கள்தானே."
வரைபடத்தை விரித்துக் காட்டினார்.
கிங்ஸ்டன் கரையில் முடிந்துபோன வீதி
புள்ளி புள்ளியாய் ஆற்றில் இறங்கி
தீவில் மறுபடி கோடாய் ஏறுகிறது.
அந்தப் புள்ளிகளில்தான்
எனக்குப் பதினோரு வருட வேலை.

இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
இரண்டு முனையும் முகம்.
திரும்பத் தெரியாது;
அரசனுக்கு முதுகு காட்டாமல்
விடைபெறும் புலவனைப் போல
போன வாக்கிலேயே வரும்.

நான் கையசைக்கிறவள்.
பால் லொறி நடுவில்.
வைக்கோல் லொறி இடப்பக்கம்,
அதற்கு ஈடாய் வலப்பக்கம் ஏழு கார்.
ஏறுகிறவர்கள் பார்ப்பது
யார் முதலில் இறங்குவது என்று.
நான் பார்ப்பது எடை.
ஒருமுறை பாதிரியாரை
எருவண்டிக்குப் பின்னால் நிறுத்தினேன்.
காற்று அவர் பக்கம்.
மன்னிப்பது அவர் தொழில்.

கோடையில் ஃபோகார்ட்டி
தன் மீன்பிடிப் படகை டிரெய்லரில் கட்டிக்கொண்டு வருவார்.
ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்,
வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்.
சரி, இங்கே அந்த இரண்டு நாளும்
ஒரே நாள், மூன்றாம் வரிசை.

தை மாதம் ஆறு உறையப் பார்க்கும்.
அடியில் கிடக்கும் குழாய்
இரவெல்லாம் காற்று ஊத,
வெள்ளைக்கு நடுவே
உலை கொதிப்பது போல் ஒரு கறுப்புக் கோடு.
அதில் போவோம், அதிலேயே வருவோம்.

இது நடந்தது நவம்பரில்.
ஏழேகாலுக்குக் கடைசியாய் ஏறியது
ஒரு சாம்பல் நிறக் கார்.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்த பெண்,
கழுத்தில் இன்னும் அடையாள அட்டை.
கயிறு அவிழுமுன்னே தூங்கிப்போனாள்.

தீவு வந்தது. எல்லாம் இறங்கின.
அது அசையவில்லை.
கண்ணாடியில் மூச்சு படர்ந்து
சுருங்கி
படர்ந்தது.
தட்டுவதற்குக் கை ஓங்கினேன்.
வாய் திறந்து தூங்கும் முகம்.
கையை இறக்கி வோக்கியில் மேலே சொன்னேன்.
கொஞ்சம் இரைச்சல். பிறகு ஹிச்சன்:
"எத்தனை தொன்?"
ஒன்றரை.
"எடையாக எழுதிக்கொள்."

ஊருக்குப் போகும் கார்கள் ஏறின.
எல்லாம் கிங்ஸ்டனைப் பார்க்க
அது ஒன்று மட்டும் தீவைப் பார்த்தது.
அதோடு மூக்குரச நின்ற பள்ளி வேனில்
ஒரு பையன் சத்தமாய்ச் சொன்னான்,
அவங்க தப்புப் பக்கம் பாக்கிறாங்க.
உஸ் என்றேன்.
அன்றைக்கு மட்டும் ஒரு விதி:
ஹாரன் அடிக்கக் கூடாது.
கிங்ஸ்டனில் அவளைச் சுற்றி இறக்கினேன்,
சுற்றி ஏற்றினேன்.
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.
ஃபோகார்ட்டி மட்டும்
தன் கதவை இரண்டு கையாலும் பிடித்து
சத்தமில்லாமல் சாத்தினார்.

மறுபடி தீவு.
படகு துறையில் இடித்ததில் விழித்தாள்.
சாவி, விளக்கு, ஒரு கொட்டாவி.
மூன்று தடவை கடந்த ஆற்றை
ஒரு தடவை கடந்தவளாய்
கைகாட்டிவிட்டு இறங்கிப்போனாள்.
பதிவேட்டில் அவளுக்கு மூன்று கார்.

அடுத்த நாள் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்:
"நேற்று ஏன் அவ்வளவு நேரம்?"
காற்று, என்றேன்,
சக்கரத்துக்குக் கட்டை வைத்தபடி.
ஆற்றைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.